உஷார்! பரணில் கிடக்கும் பழைய ரிவால்வரைத் தொடாதீர்கள்

போகிக்குப் பரணை இறக்கும்போதோ, பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடும்போதோ எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் கையில் அகப்படலாம். அளவுக்கு மீறிக் கனக்கும். தாத்தாவின் தகரப் பெட்டியில், மடித்த வேட்டிக்கு அடியில் இருக்கும். முடிச்சை அவிழ்க்காதீர்கள். அவிழ்த்துவிட்டீர்கள், உள்ளே இருப்பது துருவேறிய கைத்துப்பாக்கி என்று தெரிந்துவிட்டது என்றால், அது கிடக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். மண்ணெண்ணெய், உப்புத்தாள், தேங்காய் எண்ணெய் எதையும் தேடிப் போகாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது வீட்டில் சொல்லிவையுங்கள்.

இப்போது எதற்கு இந்தப் பதற்றம் என்று கேட்கலாம். கைபேசியைத் திறந்தால் பழைய துப்பாக்கியைப் புதிதாக்கும் வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. சேற்றில் கிடந்த துருக்கட்டி ஒன்று மேசைக்கு வருகிறது. பத்து நிமிடத்தில் கண்ணாடி போல மின்னுகிறது. அது வெற்றுத் துப்பாக்கிதான் என்று முதலில் உறுதி செய்தவர் யார், எந்த நாட்டில், என்ன உரிமத்தோடு செய்தார் என்பதையெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் காட்டுவதில்லை. நம் பக்கத்துப் பையன்களோ கைவேலைக்காரர்கள். ஓடாத ராஜ்தூத்தையும் பழைய புல்லட்டையும் கழற்றி மாட்டி ஓட வைப்பவர்கள். "இதுல என்னண்ணே இருக்கு, நாலு ஸ்பிரிங்கு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுத வைக்கிறது. வண்டியில் தவறு செய்தால் வண்டி நின்றுபோகும். இதில் நிற்பது வேறு.

மண்டகப்பட்டுக் குடைவரையைப் பார்த்திருப்பீர்கள். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில், ஊரை ஒட்டிய பாறையில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்தது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் எடுத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டில் விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரோடு பொறித்து வைத்தான். வாசலின் இரு பக்கமும் அவன் நிறுத்திய வாயிற்காவலர்கள் சுமார் 1400 ஆண்டு வெயிலுக்கும் மழைக்கும் பிறகும் அப்படியே நிற்கிறார்கள். பல ரிவால்வர்களுக்கு உள்ளேயும் காவலர்கள் உண்டு. ஆனால் அவர்கள் இரும்பு. விரல்நுனி அகலம்கூட இல்லாத தகடுகள், சன்னமான ஸ்பிரிங்குகள். துரு பிடிக்கத் தொடங்கினால் கனமான குழலுக்கு முன்னால் இந்த மெல்லிய காவலர்களைத்தான் தின்னும். கொல்லும் பாகம் கெடுவதற்குப் பல ஆண்டு முன்பே காக்கும் பாகம் கெட்டுப்போயிருக்கும். 'துருப்பிடித்துவிட்டது, இனி சுடாது' என்ற நம்பிக்கை எவ்வளவு தலைகீழானது என்று பாருங்கள்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ரிவால்வரில் உருளை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் 6 அறைகள், அறைக்கு ஒரு தோட்டா. பின்னால் இருக்கும் சுத்தியலை நம் ஊரில் குதிரை என்பார்கள். விசையை இழுத்தால் குதிரை பின்வாங்கி, உருளை ஓர் அறை நகர்ந்து, குதிரை முன்னால் பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டும். தட்டியதும் அடியில் இருக்கும் சிறு கேப்பு பற்றி, உள்ளே இருக்கும் மருந்து எரிந்து, குண்டு கிளம்பும். பிஸ்டல்களில் இருப்பதுபோல 'சேஃப்டி' என்று தள்ளி வைக்கும் கொக்கி பெரும்பாலான ரிவால்வர்களில் கிடையாது. "லாக் போட்டிருக்கு, பயப்படாதே" என்று யாராவது சொன்னால், ரிவால்வரைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று பொருள்.

பாதுகாப்பு முழுவதும் உள்ளுக்குள் இருக்கிறது. விசையை இழுக்காத வரை குதிரைக்கும் தோட்டாவுக்கும் நடுவில் குறுக்கே நிற்கும் தடுப்புத் தகடு ஒருவகை. விசையை இழுத்தால் மட்டுமே மேலே ஏறி அடியைக் கடத்திக் கொடுக்கும் பட்டை இன்னொரு வகை. மிகப் பழைய மாதிரிகள் பலவற்றில் இந்த இரண்டுமே இல்லை; குதிரையின் மூக்கு தோட்டாவின் மேலேயே படுத்திருக்கும். அமெரிக்காவில் கோல்ட் கம்பெனியின், குதிரையைக் கையால் பின்னிழுத்துச் சுடும் பழைய ரிவால்வரில் 6 அறை இருந்தும் 5 தோட்டாதான் போடுவது வழக்கமாக இருந்தது. குதிரைக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்த வழக்கம். கீழே விழுந்தாலே வெடிக்கும் என்று அதைச் செய்தவர்களுக்கும் தெரியும், இடுப்பில் கட்டியவர்களுக்கும் தெரியும்.

தடுப்புத் தகடு இருந்தும் உயிர் போன கதை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 'விக்டரி' என்ற ரிவால்வரை லட்சக்கணக்கில் செய்து அமெரிக்கப் படைக்கும் பிரிட்டன், காமன்வெல்த் படைகளுக்கும் அனுப்பியது. 1944-இல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றின் இரும்புத் தளத்தில் அந்த ரிவால்வர் ஒன்று கைதவறி விழுந்தது. விழுந்த அடியில் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். உள்ளே தடுப்புத் தகடு இருக்கத்தான் செய்தது. ஆனால் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பிய மசகு உள்ளே இறுகிப்போய், தகட்டைத் தன் இடத்துக்கு வரவிடாமல் பிடித்துக்கொண்டது என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு தடுப்பின் அமைப்பையே மாற்றினார்கள். அது புதுத் துப்பாக்கி. தொழிற்சாலையில் தேர்ந்தவர்கள் பூட்டியது. மசகு இறுகச் சில ஆண்டுகூட ஆகவில்லை. நம் வீட்டில் 60, 70 ஆண்டு தூங்கியதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து எடுத்து வைத்திருப்பார்கள். அந்த எண்ணெயும் சந்தனமும் தூசியும் சேர்ந்து இடுக்கெல்லாம் பிசினாகி இருக்கும்.

அமெரிக்காவின் ரூகர் கம்பெனி 1973-இல் கடத்துப் பட்டை வைத்த புது மாதிரிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன் விற்ற பழைய மாதிரிகளைத் திருப்பி அனுப்பினால் காசு வாங்காமல் பாதுகாப்புப் பாகத்தை மாற்றித் தருவதாக அறிவித்தது. செய்த கம்பெனியே 'நீங்கள் பார்க்க வேண்டாம், எங்களிடம் அனுப்புங்கள்' என்று சொல்லும் வேலையைத்தான் நம் பையன் திண்ணையில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரால் செய்யப் பார்க்கிறான்.

பளபளப்பாக்குவதில் இருக்கும் ஆபத்து இன்னும் மோசமானது. துருவைத் தேய்ப்பவர் வெளியே மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்துவதில்லை. விசை இறுக்கமாக இருக்கிறது என்று உள்ளே இருக்கும் கொளுவிப் பல்லையும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவார். குதிரையைப் பின்னால் பிடித்து நிறுத்துவது அந்தப் பல்தான். அது அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மேசையில் வைக்கும் அதிர்வுக்கே குதிரை விழும். உருளையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்தால், அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. வெடிக்கும்போது குண்டு குழலின் விளிம்பில் மோதி ஈயச் சில்லுகள் பக்கவாட்டில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். குழலின் உட்புறத்தையும் நம்ப முடியாது. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருக்கும் அதே உப்புத்தான். சுட்ட பிறகு அது குழலுக்குள் விட்டுப் போகும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைக் குழிகுழியாக அரிக்கும். வெளியே வெள்ளி போல மின்னும் துப்பாக்கி உள்ளே கறையான் அரித்த கட்டையாக இருக்கும். வெளியிலிருந்து கண்ணால் பார்த்து இது தெரியாது. தெரிந்துகொள்ள அளவுக்கருவி வேண்டும், அதைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் அரசு உரிமம் வேண்டும்.

தோட்டாவுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. 'அம்பது வருசத்துத் தோட்டா, நமுத்துப் போயிருக்கும்' என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்! ஊசிப்பட்டாசு ஒரு மழையில் நமுத்துப்போவதைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறார்கள். பித்தளைக் குப்பிக்குள் அடைத்து வைத்த மருந்து அப்படி எளிதில் நமுத்துப்போவதில்லை. எண்ணெயில் ஊறப்போட்டாலும் உறுதியாகச் செத்துவிடும் என்று சொல்ல முடியாது. அரைகுறையாகச் செத்தால் ஆபத்து கூடுகிறது. குதிரை விழும், 'டிக்' என்று சத்தம் கேட்கும், வெடிக்காது. "பாத்தியா, போச்சு" என்று குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். ஓரிரு விநாடி தாமதித்து வெடிக்கும். அல்லது கேப்பு மட்டும் வெடித்து, குண்டு குழலின் பாதியில் சிக்கி நிற்கும். அடுத்தமுறை விசை இழுத்தால் அதன் முதுகில் இன்னொரு குண்டு மோதி, குழல் கையிலேயே பிளக்கும்.

1967 ஜனவரி 12, பொங்கல் நெருங்கிய நேரம். இராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டதைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. ரிவால்வர்தான். தோட்டாக்கள் பல ஆண்டு பழையவை, அதனால் வேகம் குறைந்து எம்.ஜி.ஆர். பிழைத்தார் என்று பின்னால் நெடுங்காலம் பேசினார்கள். அந்த வேகம் குறைந்த குண்டுதான் எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்து அவர் குரலை வாழ்நாள் முழுக்க மாற்றியது. பழைய தோட்டா என்று அலட்சியமாகப் பேசுபவர்கள் அதற்குப் பிறகு வந்த அவர் படங்களில் அந்தக் குரலை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

போகி நெருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பரணிலிருந்து இறக்கும் கிழிந்த பாய், பழந்துணி மூட்டை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்காமலே தீயில் போடுகிறோம். துணிக்குள் தோட்டா இருந்தால் சூட்டில் வெடித்துப் பித்தளைத் துண்டுகள் பறக்கும். குண்டு போட்ட ரிவால்வரே உள்ளே இருந்தால், குழல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் சுடும். மேளம் தட்டிக்கொண்டு நெருப்பைச் சுற்றி நிற்பது நம் குழந்தைகள். காயலான் கடைக்குப் போடுவதும் இதே கதைதான். அங்கே சம்மட்டியும் வெட்டும் நெருப்பும் காத்திருக்கின்றன. பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. தீபாவளிக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் பொட்டுத் துப்பாக்கி, கையில் எடுத்தவுடன் விசையில் விரலை விடத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறது. அந்த விரலுக்கு அசலும் பொம்மையும் ஒன்றுதான்.

நம் செஞ்சி வட்டாரத்துக்கென்றே சில வழிகளில் இப்படிப்பட்ட துப்பாக்கி வந்து சேரும். பக்கத்திலேயே புதுச்சேரி. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் வாழ்ந்த ஊர். அங்கிருந்து பெண் எடுத்த, கொடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பிரிட்டிஷ் இந்தியப் படையில் போய் வந்தவர்களும் உண்டு. வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி வேறு. கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறை ஊர் ஊராகக் கேட்டுக்கொள்வது புதிதல்ல. கூடவே ஒரு மோசடியும் நடக்கும்: 'தேசிங்கு ராஜா காலத்துக் கைத்துப்பாக்கி, கோட்டையில கிடைச்சது, பெரிய விலை போகும்' என்று யாராவது ஒரு ரிவால்வரை நீட்டினால் நம்பாதீர்கள். தேசிங்கு போரில் இறந்தது 1714-இல். சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கியது 1836-இல். இடையில் 120 ஆண்டுக்கு மேல். ஒருவேளை நிஜமாகவே கோட்டையில் எடுத்த பழம்பொருள் என்றால் அது இன்னும் பெரிய குற்றம். செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவத் தலங்களில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. அங்கிருந்து ஒரு பீரங்கிக் குண்டைக்கூட எடுத்துவர யாருக்கும் உரிமை இல்லை.

சட்டத்தைப் பலரும் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 'ரிப்பேரான துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம்' என்பது பாதி உண்மை, அதனாலேயே முழு ஆபத்து. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. எப்போது? பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்னும்போது மட்டும். பழுது பார்த்தால் சுடும் என்றால் அது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். ஆக, 'சரி பண்ணிப் பார்க்கலாம்' என்று நீங்கள் நினைக்கும்படி இருக்கிறது என்றாலே விலக்கு உங்களுக்கு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. பழுது பார்ப்பது அதைவிடக் கடுமை. 5-ஆம் பிரிவின்படி துப்பாக்கியைச் சீர்செய்யவும் சோதித்துப் பார்க்கவும் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்தால் குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். பரணில் கிடந்ததை அப்படியே வைத்திருந்தவரைவிட அதைத் தேய்த்து ஓட வைத்தவருக்குத்தான் பெரிய தண்டனை. இதை நம் லேத் பட்டறைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு ஸ்க்ரூவைக் கடைந்து கொடுத்த நல்ல மனிதர், கேட்டவர் யாரென்றே தெரியாமல் வழக்கில் சேர்ந்துவிடுவார்.

சரி, கிடைத்துவிட்டது, என்ன செய்வது? தொடாதீர்கள். குண்டு இருக்கிறதா என்று முன்பக்கம் குனிந்து பார்க்காதீர்கள். உருளையைத் திறந்தும் பார்க்க வேண்டாம், துருப்பிடித்ததைத் திறக்க முயலும்போதுதான் கை விசையில் அழுந்தும். குழல் நீட்டியிருக்கும் திசையில் யாரும் நிற்க வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம்கூட. அறையைச் சாத்திவிட்டு 100 அல்லது 112-ஐ அழைத்து, வீட்டில் பழைய துப்பாக்கி கிடைத்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். பையில் போட்டு டி.வி.எஸ். வண்டியில் மாட்டிக்கொண்டு நீங்களே ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். வழியில் விழுந்தால் என்ன ஆகும் என்பது ஒன்று, வழியில் சோதனையில் பிடிபட்டால் யாரிடம் விளக்குவது என்பது இன்னொன்று. ஊராட்சித் தலைவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் வேலை வேண்டவே வேண்டாம். எடுத்துப் போகும்போது ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

பொட்டலத்தோடு ஒரு பழைய உரிமப் புத்தகம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அதில் தென்னாற்காடு கலெக்டர் முத்திரை இருக்கும். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-இல்தான், அதற்கு முன் நமக்குத் தலைமையிடம் கடலூர். உரிமம் தாத்தா பெயரில் இருந்ததால் பேரனுக்கும் செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். உரிமக்காரர் இறந்ததும் அந்த ஆயுதத்தை வைத்திருக்கும் உரிமை தானாக யாருக்கும் வராது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்புறம் வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழோடு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தின் நினைவு, கொடுக்க மனமில்லை என்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. அவர்களுக்கும் இதுதான் வழி. உரிமம் கிடைத்த பிறகு, பழுது பார்க்க உரிமம் பெற்ற ஆயுதக் கம்மியரிடம் கொடுத்துத் தடுப்புத் தகடு, கொளுவிப் பல், உருளைக் கொக்கி ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லலாம். பல பழைய துப்பாக்கிகளுக்கு அவர்கள் சொல்லும் பதில், 'இதைச் சுடாமல் இருப்பதே நல்லது' என்பதாகத்தான் இருக்கும்.

'கேஸ் போட்டுட்டா?' இந்தப் பயம்தான் எல்லாரையும் தடுக்கிறது, எனக்குத் தெரியும். வழக்கே வராது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கண்டெடுத்த அன்றே சாட்சியோடு தகவல் சொன்னவர் நிலைமையும், தேய்த்துப் பளபளப்பாக்கி இரண்டு மாதம் ஒளித்து வைத்திருந்து பிடிபட்டவர் நிலைமையும் ஒன்றாகாது. சந்தேகம் இருந்தால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவசமாகக் கேட்டுக்கொள்ளலாம். அதைக் கேட்கும் அந்த ஒரு மணி நேரமும் அறை பூட்டியே இருக்கட்டும்.

பயத்தில் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் வீசிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஏரி சித்திரையில் வற்றும். சேற்றில் இறங்கிக் கையால் துழாவி மீன் பிடிப்பது பத்து வயதுப் பிள்ளைகள்.